'முறை தவறு' என்று எழுதும் முன்

போன வாரம் தங்கை மகள் அவளுடைய திருப்புதல் தேர்வுக் கணக்குத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள். 90-க்கு 81. "மாமா, இந்த ஒரு கணக்கை மட்டும் பாருங்க. எதுக்கு மூணு மார்க் போச்சுன்னு சொல்லுங்க" என்றாள். ஐந்து மார்க் கணக்கு. ஓரத்தில் சிவப்பு மையில் 2 என்று போட்டு, கீழே 'முறை தவறு' என்று எழுதியிருந்தது.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இசட் ஒரு கலப்பெண், அதாவது எக்ஸ் பிளஸ் ஐ ஒய்; தளத்தில் எக்ஸ், ஒய் என்ற புள்ளியாகக் குறிக்கலாம். இசட் மைனஸ் ஒன்றை இசட் பிளஸ் ஒன்றால் வகுத்தால் வருவதன் வீச்சு, அதாவது அதன் கோணம், பை பை டூ; 90 டிகிரி. அப்படியானால் எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டினால் 1 வரும் என்று நிறுவ வேண்டும். புத்தக வழி என்ன? இசட்டுக்குப் பதில் எக்ஸ் பிளஸ் ஐ ஒய் போடு, பகுதியின் இணை எண்ணால் மேலும் கீழும் பெருக்கு, மெய்ப்பகுதியைத் தனியாக எடு, வீச்சு 90 என்பதால் அதைப் பூச்சியம் ஆக்கு. பெருக்கலில் ஒரு குறி தப்பினால் எல்லாம் போச்சு.

இவள் அந்தப் பக்கமே போகவில்லை. வகுத்தலின் வீச்சு என்பது இரண்டு வீச்சுகளின் வித்தியாசம். அது 90 என்றால், 1 என்ற புள்ளியிலிருந்தும் மைனஸ் 1 என்ற புள்ளியிலிருந்தும் இசட்டுக்குப் போகும் இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. செங்குத்து என்றால் புள்ளிப் பெருக்கம் பூச்சியம். எக்ஸ் மைனஸ் 1, எக்ஸ் பிளஸ் 1 இரண்டையும் பெருக்கி ஒய் வர்க்கத்தைக் கூட்டினால் பூச்சியம். முடிந்தது. நான்கே வரி. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று சின்ன வகுப்பில் படித்தோமே, அதேதான் இங்கே கலப்பெண் வேடம் போட்டு வந்திருக்கிறது. அதை ஒரு பதினேழு வயதுப் பெண் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குக் கிடைத்த பரிசு 'முறை தவறு'.

நானும் கணக்கு வாத்தியார்தான். விடைத்தாள் திருத்தும் முகாமில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

பொதுத்தேர்வுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுக்கும் பிளஸ் டூ கணக்கு விடைக்குறிப்பின் முதல் பக்கத்தில் சில பொது அறிவுரைகள் இருக்கும். கணக்கைத் தொடுவதற்கு முன் படிக்க வேண்டிய பக்கம் அது. பலர் நேராக விடைக்குப் புரட்டிவிடுவார்கள். அதில் தெளிவாகவே இருக்கிறது: விடைக்குறிப்பில் உள்ளதற்கு மாறாக மாணவர் எழுதியிருந்தாலும், பொருள் பிசகாமல் முறையாக இருந்தால் முழு மதிப்பெண் தர வேண்டும். அடுத்து இன்னொன்று. தீர்வு சரியாக இருந்தால் நேரடியாக முழு மார்க் போட்டுவிட வேண்டும், படிவாரியான மார்க் எல்லாம் தீர்வில் எங்காவது பிழை இருந்தால்தான். நாம் ஸ்டெப் மார்க் என்று பிள்ளைகளை மிரட்டுகிறோமே, அது உண்மையில் தப்பாகப் போட்டவனைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு!

விடைக்குறிப்பில் சில படிகளுக்குப் போட்டிருக்கும் 2 என்ற மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்தப் படி தப்பானாலும் சூத்திரம் சரியாக எழுதியிருந்தால் 1 மார்க் கொடு என்று அர்த்தம். சூத்திரத்துக்கென்று தனியாக ஏன் மார்க் ஒதுக்கவில்லை என்பதற்கும் அங்கேயே காரணம் சொல்லியிருப்பார்கள்: சூத்திரம் எழுதாமலே கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளை தண்டனை அனுபவிக்கக் கூடாது. யார் எழுதினார்களோ, நல்ல மனசுக்காரர்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த 'முறை தவறு'? எங்களிடமிருந்துதான். கேம்பில் திருத்துபவர் அவசரத்தில் இருப்பார், புதிய வழியைப் பார்த்தால் தலை சுற்றும், எதற்கு வம்பு, புத்தகத்தில் இருப்பதையே எழுது என்று வகுப்பிலும் டியூஷனிலும் சொல்லிச் சொல்லி, கடைசியில் நாமே அதை விதியாக நம்பிவிட்டோம். அந்தப் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, மறுக்கவில்லை. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு என்று திருத்தும்போது, மூன்று மணிக்கு மேல் கண் தானாகப் பழகிய வரிகளைத்தான் தேடும். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்பதற்குத்தானே அதே அறையில் முதன்மைத் தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார்? எழுந்து போய்க் கேட்க அரை நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பொறியியல் கலந்தாய்வில் இயற்பியலிலும் வேதியியலிலும் ஒரு மார்க் பாதியாகத்தான் கட் ஆஃபில் சேரும். கணக்கில் போகும் ஒரு மார்க் முழுசாகப் போகும்.

இதற்காக எப்படி எழுதினாலும் மார்க் வரும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் வரைந்து, 'ஆகவே வட்டம்' என்று முடித்திருந்தால் நானும் வெட்டியிருப்பேன். ஏன் செங்குத்து என்ற ஒரு வரி வேண்டும். இவள் அதை எழுதியிருந்தாள்.

விடைக்குறிப்பில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஒரு மார்க் கேள்வியில் குறியீட்டையும் (கொடுத்த நான்கில் எத்தனையாவது விடை என்ற எண்) விடையையும் சேர்த்து எழுத வேண்டும், இரண்டில் ஒன்று தப்பானாலும் பூச்சியம். விடையைச் சரியாக எழுதிவிட்டு, அவசரத்தில் 3-க்குப் பதில் 2 என்று போட்ட பையன் கணக்குத் தெரியாதவனா? இருபது ஒரு மார்க்கில் இப்படி இரண்டு, மூன்று போய்விடும். முகாமில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "விதி விதிதான் சார்" என்றார்கள். சரி. அந்த விதியை இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்கிறவர்கள், மாற்று வழிக்கு முழு மார்க் என்ற விதியையும் அதே கறாரோடு பிடிக்கலாம், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒரு தகவல். பிளஸ் டூவில் ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகல் வாங்கலாம். அதை வாங்கினால்தான் அடுத்து மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். மார்க் குறைந்ததே என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன் நகலை வாங்கி, கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள், "அப்போ பொதுத்தேர்வுல இதே கணக்கு வந்தா எப்படி எழுதட்டும் மாமா?"

இவ்வளவு பேசிய எனக்கு உடனே வாய் வரவில்லை. "உன் வழியிலேயே எழுது. செங்குத்துக்கு இன்னும் ஒரு வரி கூடுதலா விளக்கம் கொடு" என்று சொல்வதற்குள், சமையலறையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "அண்ணா, பேசாம புத்தகத்துல இருக்கிறதையே எழுதச் சொல்லு."