வல்லாரை மீது எனக்குக் கோபமில்லை

வலிப்பு மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு வல்லாரைச் சாறு குடிக்கச் சொல்லும் அந்தக் காணொளியைப் பற்றி எழுதாமல் கடந்துவிடவே நினைத்தேன். நம் ஊரவர்களே அதன் கீழ் கைகூப்பி நன்றி சொல்வதைப் பார்த்த பின் முடியவில்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள் என்று அங்கே எழுதினேன். அதற்கு வந்த பதில்களுக்கே இந்த மறுமொழி. மீண்டும் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள்.

தாவரத்தில் மருந்தில்லை என்று நான் சொல்லவில்லை. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியோல் என்ற மருந்து ட்ராவே, லெனொக்ஸ்-காஸ்டோ என்னும் இரு கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் நோயாளர்களிடம் முறையாகச் சோதித்து, அளவை வகுத்து, ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதையும் எழுதிவைத்தார்கள். அந்தச் சோதனைகளிலும் பழைய மாத்திரைகளோடு சேர்த்தே கொடுத்தார்கள். அவற்றைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருளும் மஞ்சளிலுள்ள குர்குமினும் எலிகளின் மூளையைக் காப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் உண்ணும் குர்குமினில் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சாறு பிழிபவரோ அளவே சொல்வதில்லை.

"இயற்கையானது தீங்கு செய்யாது" என்று எழுதிய அண்ணருக்கு: உடலை வில்லாக வளைத்துக் கொல்லும் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு எட்டிக்கொட்டையில் இருப்பது. காக்கொல்லி விதையின் பிக்ரோடொக்சினை ஆய்வுகூடங்களில் எலிகளுக்கு வலிப்பை வரவழைக்கவே பயன்படுத்துகிறார்கள். கற்பூரமரத்திலிருந்து எடுக்கும் கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். எல்லாம் இயற்கைதான், அண்ணர்.

என் தம்பிக்கு அப்போது பதினொரு வயது. உறவுக்காரர் ஒருவர், அன்போடுதான், சாறு கொண்டுவந்தார். அம்மா மாத்திரையை நிறுத்தினார். நான்காம் நாள் இரவு வந்த வலிப்பு நிற்கவேயில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இருந்தது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூரில். அந்நேரம் வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் படகுப் பாதையும் ஓடவில்லை. பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றிக் களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள், மூளையில் ஏற்படக்கூடாத சேதம் ஏற்பட்டுவிட்டது.

மாத்திரைக்குப் பக்கவிளைவு இல்லையா என்கிறீர்கள். உண்டு. கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

மருந்துக் கம்பனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படும், நம் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் பினோபார்பிட்டோனில் எனக்கு என்ன பங்கு கிடைக்கும் என்று அவரே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். அந்தச் சாற்றைக் கொண்டுவந்த உறவுக்காரரும் இந்தக் காணொளியைப் பகிர்ந்திருக்கிறார். என் தம்பிக்கு இன்று முப்பத்து நான்கு வயது. சட்டைப் பொத்தானை அம்மாதான் பூட்டிவிடுகிறார்.