எரிகிற விளக்குக்குப் புது பல்ப் மாட்டிய வைத்தியம்

நேற்றுக் காலையும் கார் கிளம்பவில்லை. மூன்று வாரத்தில் இது நான்காவது முறை. இரவு பேட்டரி முனையைக் கழற்றி வைக்க மறந்துபோன ஒரே குற்றத்துக்கு, சாவியைத் திருப்பியதும் ‘டிக், டிக்’ என்ற ஓசைதான் கிடைத்தது. பின்னால் போய்ப் பார்த்தால், பிரேக் விளக்குகள் இரண்டும் அணையப் போகிற தணல் போல இன்னமும் சிவந்துகொண்டிருந்தன.

இருபது வயதைத் தாண்டிய காரில் கோளாறு வருவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பிரேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, மிக நிதானமாக இரண்டு புது பல்புகளை மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கைத்தான் மறக்க முடியவில்லை. எரிவதே நோய் என்று நான் சொல்ல, இன்னும் பளிச்சென்று எரியும்படி அவர் வைத்தியம் பார்த்தார். மறுநாள் பேட்டரி படுத்தது. அதற்கு வயதாகிவிட்டது என்றார், புதிது வாங்கினேன். 21 வாட் பல்ப் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும்; சாவியை எடுத்த பிறகும் அந்த விளக்குகளுக்கு மின்சாரம் போகும் என்பதால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் வற்றிவிடும். பேட்டரி புதிதா பழையதா என்று விளக்கு விசாரித்துவிட்டா எரிகிறது?

மூன்றாம் முறை பிரேக் சுவிட்சையே மாற்றினார். என்னை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டு ‘மிதிங்க’ என்றார், மிதித்தேன். ‘எரியுது’ என்றார். ‘விடுங்க’ என்றார், விட்டேன். ‘எரியுது’ என்றார். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இதையே இருபது முறை செய்தோம். இருபத்தோராவது முறை விளக்குக்கே மனம் இரங்கிவிடும் என்று நம்பினார் போலும். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, ‘வயரிங் முழுக்க மாத்தணும் சார், ஒன்பதாயிரம் ஆகும்’ என்றார்.

நேற்று வந்த ஆத்திரத்தில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து நானே பார்த்தேன். மிதி மேலே இருக்கும்போது அதன் கம்பி சுவிட்சின் சிறு தண்டை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தம் விலகினால் விளக்கு எரியும், அவ்வளவுதான் சங்கதி. அந்தத் தண்டு முட்டுகிற இடத்தில், மிதிக்கம்பியின் ஓட்டையை அடைத்திருந்த சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் வில்லை நைந்து உதிர்ந்திருந்தது. தண்டு ஓட்டைக்குள்ளேயே நுழைந்து நின்றுகொண்டிருந்தது; எத்தனை புது சுவிட்சு மாட்டினாலும் அங்கேதான் போய் நிற்கும். விரலால் தண்டை அழுத்தினேன், விளக்கு அணைந்தது. கால்விரிப்பில் கிடந்த பழுப்புத் துகள்களைப் பார்த்த பிறகுதான், பிஸ்கட் சிந்தினாய் என்று என் மகனைப் போன மாதம் இரண்டு முறை திட்டியது நினைவுக்கு வந்தது.

தற்காலிகமாக ஓட்டையில் ஒரு சிறு போல்ட்டையும் நட்டையும் முடுக்கிவிட்டு, மெக்கானிக்கை அழைத்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ‘அதேதான் சார் நானும் நெனச்சேன்’ என்றார். பிறகு, ‘வயரிங்குக்கு வண்டிய எப்ப விடுறீங்க?’ என்று கேட்டார். போனை வைத்துவிட்டு, காருக்குள் தலைகீழாகக் கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன்.