பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு 'வயசுக் கோளாறு' அல்ல

"வாதம் வந்து படுத்த பெரியவங்க பேசாம ஒடுங்கிக் கிடக்கிறது வயசுக் கோளாறு, மாத்திரை கொடுத்தா அடிமை ஆகிடுவாங்க" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பரவும் பேச்சு தவறு.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது குணப்படுத்தக்கூடிய நோய்.

மனச்சோர்வு மாத்திரை போதை தராது. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். பத்தாம் நாளே 'கேட்கவில்லை' என்று நிறுத்துவதில்தான் காரியம் கெடுகிறது. சட்டென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம் வரலாம். அதையே அடிமைத்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள். மருத்துவர் சொல்படி அளவைக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுவோருக்குக் கட்டாயம்.

மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடியாத வீடுகள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம்: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.