வாரில்லா நாய்களும் சிதறும் மந்தையும்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், டெர்வென்ட், ஆஷொப்டன் என்னும் இரு ஊர்களை நீருக்குள் அமிழ்த்தி உருவான லேடிபவர் நீர்த்தேக்கத்தின் கரையோரம் நடக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது, நாய்களை வாரின்றி அவிழ்த்துவிடும் மனிதர்களைக் கண்டுதான். செம்மறிகளைப் படமெடுக்க விரும்புகிறவர் அசையாமல் நிற்கக் கற்க வேண்டும். ஏனெனில் தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறையப் பின்புறம் வரை காணும் அவ்விலங்கு, நாம் அதைக் காணும் முன்பே நம்மைக் கண்டுவிடுகிறது. குத்துக்காலிட்டுக் காத்திருந்து, ஆடு மீண்டும் தலை தாழ்த்தி மேயத் தொடங்கி, அதன் பின்னே நீர்ப்பரப்பில் மேக இடுக்கின் ஒளி விழும் நேரத்தில்தான் ஒரு நாய் பாய்ந்து வரும். மந்தை முழுவதும் சரிவில் சிதறி ஓடும். "அது ஒன்றும் செய்யாது, விளையாடத்தான் வருகிறது" என்று உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொல்வது இன்னும் எரிச்சலூட்டுகிறது.

படம் போனால் போகட்டும். மலைப்பகுதி ஆடுகள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஈனுகின்றன. துரத்தப்பட்ட சினையாட்டுக்கு, நாயின் பல் படாமலேயே கரு கலையக்கூடும். செம்மறிகள் நிற்கும் வயலில் நாயைக் கட்டுப்பாடின்றி விடுவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பொதுமக்கள் நடமாட உரிமை பெற்ற திறந்த நிலங்களில், கால்நடைகளுக்கு அருகே 2 மீட்டருக்கு மிகாத வார் கட்டாயம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. வேலிக் கதவுகளில் அறிவிப்பும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டே வாரைக் கழற்றிப் பைக்குள் வைப்பவர்களிடம் என்னதான் சொல்வது?