சர்வ வல்லமையை விட்டுக்கொடுத்தால் என்ன?

துட்டி வீட்டில் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவர்களும் வேறு என்னதான் சொல்வார்கள். அதையே மைக் பிடித்து, ஏதோ கணக்குக்கு விடை கண்டுபிடித்ததைப்போல விளக்குகிறவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுனாமி வந்த நாளான டிசம்பர் 26 நெருங்கினால் நம்ம கடற்கரை ஊர்களில் இந்த விளக்கங்கள் பெருகிவிடும்.

கேள்வி பழையது. கிரேக்கத்துத் தத்துவஞானி எபிக்கூரஸ் பெயரில் வழங்குவது. தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு மனமிருந்தும் முடியவில்லையா? அப்படியானால் வல்லவர் இல்லை. முடிந்தும் மனமில்லையா? அப்படியானால் நல்லவர் இல்லை. இரண்டும் உண்டென்றால் தீமை எங்கிருந்து வந்தது?

மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அவன் கெடுத்துவிட்டான் என்பது வழக்கமான பதில். கொலைக்கும் சாதிவெறிக்கும் அது ஓரளவு பொருந்தும். சுனாமி வாரிய நம்ம கடற்கரை ஊர் கொட்டில்பாட்டுக்குப் பொருந்துமா? 2004இல் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28 மணி வாக்கில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அதில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? குளச்சல், கொட்டில்பாடு பக்கம் அலைக்குப் பயந்து ஓடியவர்களுக்குப் பின்னால் கடல், முன்னால் ஏ.வி.எம். கால்வாய். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு ஓடுகிற ஒரு பெண் அந்தக் கால்வாயை எப்படித் தாண்டுவாள்? அங்கே மாட்டிக்கொண்டு போன உயிர்கள் நிறைய.

நிலத்தட்டுகள் நகர்வது பூமிக்குத் தேவை, உயிர்கள் வாழ அதுவும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கட்டும். எல்லாம் வல்லவரால் மூன்று வயசுப் பிள்ளையை வாரிக்கொண்டு போகாத ஒரு பூமியைப் படைக்க முடியாதா?

கர்மவினை என்ற பதில் தர்க்கத்தில் இவற்றைவிட வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். ஈசுவரன் பாரபட்சமானவனா, இரக்கமில்லாதவனா என்ற கேள்வியை வேதாந்த நூலான பிரம்ம சூத்திரமே எழுப்பி, இல்லை, அவரவர் வினைப்படிதான் நடக்கிறது என்கிறது. கணக்கு கச்சிதமாக நிற்கிறது. ஆனால் அந்தக் கணக்கு யாருக்கு உதவியது என்று குமரி மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். மாரை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை நம் பெண்கள் போராட வேண்டியிருந்தது. கூலியில்லாத ஊழியம், தலைவரி, எல்லாம் அன்று குமரியை ஆண்ட திருவிதாங்கூரில் நடந்தவை. முன்வினை என்று சொல்லிவிட்டால் அடித்தவன் கை சுத்தமாகிவிடும். அய்யாவழியைத் தொடங்கிய சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அப்படிச் சொல்லவில்லை. தீமையைக் கலி என்றார், அந்தக் கலியை வரியிலும் ஊழியத்திலும் அரசனிடத்திலும் காட்டினார், அதற்காகச் சிறைக்கும் போனார். நான் அய்யாவழிக்காரன் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் நம் மண்ணில் பேசியவர்களில் அவர்தான் தெளிவாகப் பேசினார் என்பேன்.

அப்புறம் அற்புதம் பேசுகிறவர்கள். வேளாங்கண்ணியில் ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்கிறார்கள். சரி, அதே மாதாவைப் பார்க்க வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால் விசுவாசம் குறைந்தவன் என்று பெயர். நம்ம கடலிலேயே 133 அடி உயரத்துக்கு நிற்கிற வள்ளுவர், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழவேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று சாபமே விட்டிருக்கிறார். அவரை யாரும் கோவிலுக்குள் வராதே என்று சொல்லவில்லை.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையிலும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற முதல் அதிகாரத்தோடு நம்ம பிரசங்கங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கப்புறம் அந்த மனுஷன் பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்குக் கூப்பிடுகிறான். நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அழகழகாக விளக்குகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல்தான். யோபு பேசியதைப்போல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

நான் நம்புகிறவன், ஞாயிறு பூசைக்குப் போகிறவன். நன்மை, வல்லமை இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் சர்வ வல்லமையை விட்டுவிடுகிறேன். நல்லவராக இல்லாத கடவுளை எனக்குக் கும்பிடத் தெரியாது. பூசையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "எல்லாம் வல்ல தந்தையாகிய" என்ற இடம் வரும்போது வாய் கொஞ்சம் இழுக்கும், கூட்டத்தோடு சொல்லிவிடுவேன். ஆணியில் தொங்குகிறவரை நேர் எதிரே வைத்துக்கொண்டு அந்த வரியைச் சொல்வது எனக்கு மட்டும்தான் விசித்திரமாக இருக்கிறதா, தெரியவில்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கடவுள் எல்லாவற்றையும் நடத்தவில்லை என்றால், மனிதன் செய்யாமல் விட்டது பளிச்சென்று தெரியும். பசிபிக் கடலுக்கு 1949லேயே சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் அப்படி ஒன்று இல்லை. ஐதராபாத்தில் நம்ம மையம் தொடங்கியது 2007இல். சுமத்ராவில் பூமி அதிர்ந்ததற்கும் நம்ம கரைக்கு அலை வந்ததற்கும் இடையில் மணிக்கணக்கில் நேரம் இருந்தது. ஒரு தகவல் வந்திருந்தால் போதும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் நடந்தே போயிருப்பார்கள். இதைச் சித்தம் என்பது கடவுளுக்கும் அவமானம்.

அப்போ வல்லமை இல்லாத கடவுளிடம் என்ன கேட்டு ஜெபிப்பாய் என்று எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. எனக்கு ஒக்கி புயல்தான் நினைவுக்கு வருகிறது. ஆழ்கடலுக்குப் போன வள்ளங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு ஊரிலும் ஆளைக் காணோம். 2017 டிசம்பரில் அந்த ஊர்க்காரர்கள் திரண்டு போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். போய்த் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தாமல் அவர்களில் யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். அரசாங்கத்தையும் கேட்டார்கள், மாதாவையும் கேட்டார்கள். இரண்டு பேரையும் திட்டியும் இருப்பார்கள். நானும் அப்படித்தான் ஜெபிக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.