டென்னியை டிஎன்ஏ கண்டுபிடிக்கவில்லை

சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு எலும்புச் சில்லுக்கு உரியவளின் செல்லப்பெயர் டென்னி. அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன், இரண்டுமே அழிந்துபோன மனித இனங்கள். அவளைப் பற்றிய படப் பதிவை எல்லோரும் பகிர்ந்துவிட்டீர்கள். "டிஎன்ஏ கண்டுபிடித்த டென்னி" என்ற வரிதான் உறுத்துகிறது. டென்னியை டிஎன்ஏ கண்டுபிடிக்கவில்லை. எலும்பிலிருந்த கொலாஜன் புரதத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தவர் சமந்தா பிரவுன், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலை மாணவி.

அந்தக் குகையிலிருந்து அவர் கைக்கு வந்தவை 2,300க்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகள். கண்ணால் பார்த்து எது மாடு, எது மனிதன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம் போல அறுத்தெடுக்க வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தைக் கரைக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் கொலாஜனும் சிதைந்து கரைந்துவிடும். பிறகு அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் 65 டிகிரியில் ஒரு மணி நேரம், கொலாஜன் ஜெலட்டினாக இளகும். புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் அது குறிப்பிட்ட இடங்களில் துண்டாகும். அந்தத் துண்டுகளின் நிறையைக் கருவி அளக்கும். அது வரையும் வரைபடத்தில் செம்மறியாட்டுக்கு 3033 என்ற நிறையில் ஒரு முகடு, வெள்ளாட்டுக்கு அதுவே 3093இல். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் இனம் சொல்கிறோம். ஆராய்ச்சியாளரின் தோலிலிருந்து உதிரும் கெரட்டின் புரதம், போட்டிருக்கும் கம்பளிச் சட்டையின் ஒரு இழை, இது போதும் முகடுகளைக் குழப்ப. அதனால் ஒவ்வொரு தொகுதியோடும் எலும்பு போடாத வெறுங்குழாய் ஒன்றும் போகும். அதில் ஏதாவது தெரிந்தால் அந்தத் தொகுதியை நம்ப முடியாது, திரும்பச் செய்ய வேண்டும்.

"டிஎன்ஏ இல்லாமல் அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன் என்று தெரிந்திருக்குமா?" என்று கேட்பீர்கள். தெரிந்திருக்காது. கொலாஜன் 'மனிதக் குடும்பம்' என்பதோடு நின்றுவிடும். 2018இல் மீதியைச் சொன்னது மரபணுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சில்லில் மரபணுவைத் தேடுவது? அத்தனைக்கும் டிஎன்ஏ வரிசைப்படுத்த யார் பணம் கொடுப்பார்கள்?

"புரதத்தில் தகவல் குறைவு" என்பதும் உண்மை. ஆனால் மரபணு அழிந்த பிறகும் எஞ்சி நிற்பது அதுதானே. திபெத் பீடபூமியின் சியாஹே தாடை எலும்புக்கு 1,60,000 வயது. டிஎன்ஏ கிடைக்கவில்லை. பல்லின் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டைன் அடுக்கின் புரதம்தான் டெனிசோவன் என்று 2019இல் காட்டிக்கொடுத்தது. ஜார்ஜியாவில் டமானிசி என்ற அகழாய்வுத் தளத்தின் காண்டாமிருகப் பல் எனாமலில் 17.7 லட்சம் ஆண்டுப் புரதம் கிடைத்தது. அங்கும் டிஎன்ஏ கைவிட்டுவிட்டது.

இந்தத் துறைக்கு வருபவர்களின் பெரும்பாலான நாட்கள் மாடு, குதிரை, மாடு என்று எழுதுவதில் போகின்றன. அதை யாரும் படம் போட்டுக் கொண்டாடுவதில்லை, சரி. 2.4 சென்டிமீட்டர் சில்லு ஒன்றை அந்தக் குவியலிலிருந்து பிரித்தெடுத்தவரின் பெயரையாவது போடலாமே? டென்னி படத்தைப் பகிர்ந்தவர்கள் திருத்தி, சமந்தா பிரவுன் என்று ஒரு வரி சேருங்கள்.