99 சதவீதம் யாருடைய இதயத்தில்?

இறுதியாண்டு புராஜெக்ட் சீசன் வந்தால் ஒரு தலைப்பு தவறாமல் வரும்: டீப் லேர்னிங் (தரவைப் பார்த்துக் கணினி மாடல் தானே கற்கும் முறை) மூலம் இசிஜியில் இதயத்துடிப்புக் கோளாறு கண்டறிதல். கடைசி ஸ்லைடில் 99 சதவீதத் துல்லியம். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆய்விதழ்களிலேயே இந்த எண் மலிந்து கிடக்கிறது. நான் அதை நம்புவதில்லை. காரணம் சொல்கிறேன்.

இவற்றில் பெரும்பாலானவை எம்ஐடி-பிஐஎச் என்ற தரவுத்தொகுப்பை வைத்துச் செய்தவை. 1975க்கும் 1979க்கும் இடையே பாஸ்டனில் பதிவுசெய்து 1980இல் வெளியிட்டார்கள். 47 பேர், அரைமணி நேரப் பதிவுகள் 48. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் மருத்துவர்கள் குறி போட்டிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. கோளாறு அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான். எல்லாத் துடிப்புகளையும் ஒன்றாகக் கலந்து, ஒரு பங்கைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரிக்கிறார்கள். ஒரே ஆளின் அடுத்தடுத்த துடிப்புகள் இரண்டு பக்கமும் போய்விடுகின்றன. தேர்வுக்கு முந்தின நாளே கேள்வித்தாளைக் கையில் கொடுத்த மாதிரி.

இதயத்தின் மேலறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுப்பில் இருக்கும் அந்த வகைத் துடிப்புகளில் பாதிக்கு மேல் 232 என்ற ஒரே பதிவில் இருக்கின்றன. அதாவது ஒரே ஒருவருடையவை. அவரைப் பயிற்சியிலும் வைத்துச் சோதனையிலும் வைத்தால், மாடல் நோயை அடையாளம் கண்டதா, அந்த ஆளை அடையாளம் கண்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பதிவு முழுவதும் ஒரே பக்கம் போகும்படி பாதிக்குப் பாதி பிரிக்கும் முறையை டி சசால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2004லேயே காட்டிவிட்டார்கள். (அதிலும் 201, 202 இரண்டும் ஒரே ஆளுடையவை, எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. அவ்வளவு கவனம் தேவைப்படும் வேலை இது.) அப்படிப் பிரித்துச் சோதித்தால் அந்த 99 நிற்பதில்லை, அதுவும் மேலறைத் துடிப்பில் நன்றாகவே சரியும்.

சரி, 99 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். உடம்பில் மாட்டிக்கொண்டே இசிஜி பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்க மாட்டினால் சுமார் ஒரு லட்சம் துடிப்புகள் பதிவாகும். ஒரு சதவீதப் பிழை என்றால் ஆயிரம் துடிப்புகள். அவற்றை உட்கார்ந்து பார்ப்பது யார்?

மாடல் ஏன் அப்படிச் சொன்னது என்று விளக்கம் கேட்டால், இசிஜி அலையின் மேல் சிவப்பும் மஞ்சளும் பூசிய ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். மாடல் கற்றதையெல்லாம் அழித்து எண்களைத் தாறுமாறாக மாற்றினாலும், இப்படி வண்ணம் பூசும் முறைகளில் சில ஏறக்குறைய அதே படத்தையே தருகின்றன என்று 2018இல் புகைப்படங்களை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். மருத்துவருக்கு வேண்டியது வேறு: துடிப்பு எவ்வளவு முன்னதாக வந்தது, பி அலையின் (மேலறை இயங்கும்போது வரும் சிறு அலை) வடிவம் மாறியிருக்கிறதா, கியூஆர்எஸ் (கீழறை இயங்கும்போது வரும் கூர்மையான அலை) அகன்றிருக்கிறதா. மூன்றையும் அவரே அளந்து சரிபார்க்கலாம்.

1985இல் ஜியாபு பானும் வில்லிஸ் டாம்ப்கின்ஸும் கியூஆர்எஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை இசட்80 என்ற 8 பிட் சிப்பிலேயே ஓட்டிவிட்டார்கள். வடிகட்டு, சரிவைப் பார், வர்க்கப்படுத்து, சராசரி எடு. ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. இதே தொகுப்பில் 99.3 சதவீதம் கண்டுபிடித்தது. துடிப்பு எந்த வகை என்று அது சொல்லாது. அதற்கு மெஷின் லேர்னிங் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டர் செய்து முடித்த வேலையைத் திரும்பக் கற்க லட்சக்கணக்கான பாராமீட்டர்களும் ஜிபியு மின்சாரமும் எதற்கு? நெஞ்சில் ஒட்டி நாள்கணக்கில் ஓடவேண்டிய கருவியின் பேட்டரி அதைத் தாங்காது.

அப்புறம், அந்தப் பதிவுகளில் இருக்கும் மின்கம்பி இரைச்சல் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ். நம் சுவரில் வருவது 50. இங்கே பதிவான இசிஜியில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தீர்களா என்று வைவாவில் கேளுங்கள். எலக்ட்ரோடைக் கழற்றிவிட்டால் மாடல் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். துடிப்பின் ஐந்து வகைகளில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டிய மாடல் அப்போதும் ஏதோ ஒரு வகையைச் சொல்லும். "சிக்னல் சரியில்லை, என்னால் சொல்ல முடியாது" என்று சொல்லத் தெரிந்த மாடலுக்கு 90தான் வந்தாலும் நான் அதற்குத்தான் மதிப்பெண் போடுவேன்.